இரவுநோக்கியும் இரவு விலங்குகளும்: குருசுக்குப்பம் கரையிலிருந்து ஒரு வரலாறு

முன்னுரை

இரவில் நடமாடும் உயிரினங்களைக் காண மனிதர் நெடுங்காலம் ஒரே வழியைத்தான் அறிந்திருந்தனர். அது வெளிச்சம் காட்டுவது. தீப்பந்தம், அரிக்கேன் விளக்கு, பெட்ரோமாக்ஸ், டார்ச் என்று கருவி மாறினாலும் விளைவு ஒன்றே. விலங்கு ஓடி மறைந்தது, அல்லது கண் கூசி அசையாமல் நின்றது. இரண்டிலும் அதன் இயல்பான வாழ்க்கையை நாம் பார்க்கவில்லை.

இன்று சில ஆயிரம் ரூபாய் விலையில் கையடக்கமான இரவுநோக்கி கிடைக்கிறது. கடைகளில் 'நைட் விஷன் மோனாகுலர்' என்று கேட்டால் தருவார்கள். ஒரு கண்ணால் பார்க்கும் சிறு குழல் அது. மனிதக் கண்ணுக்கும் பெரும்பாலான விலங்குகளின் கண்ணுக்கும் புலப்படாத ஒளியில் அது படம் காட்டும். போர்க்களத்தில் வளர்ந்த இக்கருவி பள்ளி மாணவர் கைக்கு வந்து சேர்ந்த கதையையும், அதற்கு முன் நம் கரையோரத்தில் இரவு விலங்குகளை மக்கள் எவ்வாறு அறிந்தனர் என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது. புதுச்சேரி நகரின் மீனவ ஊரான குருசுக்குப்பம் இதற்கு மையமாகக் கொள்ளப்படுகிறது.

குருசுக்குப்பம்

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதிக்கு வடக்கே, கடலை ஒட்டி அமைந்த ஊர் குருசுக்குப்பம். 'குருசு' என்பது சிலுவையைக் குறிக்கும் போர்ச்சுக்கீசிய வழிச் சொல். 'குப்பம்' மீனவர் குடியிருப்பைக் குறிப்பது. ஊருக்கு வடக்கே வைத்திக்குப்பம் உள்ளது.

கடற்கரை ஊர் என்றவுடன் மணலையும் மணலில் ஏற்றி வைத்த படகுகளையும் நினைப்போம். ஆனால் இன்று இக்கரையில் பெரும் பகுதி கருங்கல் குவியலே. அதன் காரணத்தைப் பின்னர் காண்போம். இரவு விலங்குகளின் வரலாற்றுக்கும் அக்கற்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இருளில் பார்க்க முடியாத காலம்

தமிழர் நெய்தல் நிலத்து உயிர்களைக் கூர்ந்து கவனித்தவர்கள். அகநானூற்றின் 160ஆம் பாடல் கடலாமை மணல்மேட்டில் முட்டையிட்டுப் புதைப்பதைச் சொல்கிறது. முட்டையின் வடிவமும் அதன் புலால் நாற்றமும்கூட அதில் பதிவாகியுள்ளன. இவை சரியான செய்திகள். ஆனால் குஞ்சு பொரிக்கும்வரை ஆண் ஆமை அம்முட்டைகளைக் காக்கும் என்றும் அப்பாடல் கூறுகிறது. கடலாமைகளில் ஆணோ பெண்ணோ முட்டையைக் காப்பதில்லை. முட்டையிட்ட பெண் ஆமை அப்போதே கடலுக்குத் திரும்பிவிடும். ஆண் ஆமை கரைக்கு ஏறுவதே மிக அரிது.

காலையில் மணலில் காணக்கூடிய முட்டையையும் அதன் மணத்தையும் சரியாகச் சொன்ன பாடல், இரவில் நடப்பதைச் சொல்லும்போது வேறுபடுகிறது. கவிஞரின் கற்பனை உரிமை அதில் இருக்கலாம். ஆயினும் பகலில் கிடைக்கும் தடயத்தைக் கொண்டு இரவில் நடந்ததை ஊகிக்கும் நிலைதான் உலகெங்கும் பல நூற்றாண்டுகள் நீடித்தது.

புதுச்சேரி தந்த இரண்டு இரவு விலங்குகள்

ஐரோப்பியர் விலங்குகளுக்கு அறிவியல் பெயர் சூட்டத் தொடங்கிய காலத்தில், இரவு விலங்குகள் இரண்டின் பதிவுகளில் புதுச்சேரியின் பெயர் நிலையாக இடம்பெற்றது.

முதலாவது பெருச்சாளி. 1800இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் பெக்ஸ்டைன் இதற்கு அறிவியல் பெயர் அளித்தார். இவ்வினத்தின் மூல இடமாக அறிவியல் பதிவேடுகள் புதுச்சேரியையே குறிக்கின்றன. அதற்கு முன்பே பிரெஞ்சு இயற்கை நூல்களில் இது 'பெர்ஷால்' எலி என்று எழுதப்பட்டிருந்தது. பெருச்சாளி என்ற தமிழ்ச் சொல் பிரெஞ்சுக்காரர் நாவில் அடைந்த வடிவமாகவே அதைக் கொள்ளலாம். ஆங்கிலத்தில் வழங்கும் 'பேண்டிகூட்' என்ற பெயரோ 'பந்திகொக்கு' என்னும் தெலுங்குச் சொல்லிலிருந்து பிறந்தது. அதற்குப் பன்றி எலி என்று பொருள்.

இரண்டாவது ஒரு பழந்தின்னி வௌவால். பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோ 1816இல் புதுச்சேரிக்கு வந்து, சில ஆண்டுகள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தாவரங்களையும் விலங்குகளையும் சேகரித்தார். அவர் பெயரால் 1820இல் தெமரே என்ற விலங்கியலாளர் ஒரு வௌவாலை விவரித்தார். அதன் மூல இடமும் புதுச்சேரிதான். பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை கண்ணையும் மூக்கையும் நம்பி வாழ்பவை. இந்த வௌவாலும் அதன் நெருங்கிய உறவினங்களும் நாக்கால் 'டக் டக்' என்று ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு இருளில் வழி அறிகின்றன.

லெஷனோவின் காலத்தில் இந்த உண்மை யாருக்கும் தெரியாது. 1793இல் இத்தாலியரான ஸ்பல்லன்சானி, முழு இருட்டறையில் ஆந்தை தடுமாறுவதையும் வௌவால் தடுமாறாமல் பறப்பதையும் சோதித்துப் பார்த்தார். ஆனால் காரணம் விளங்கவில்லை. மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை வௌவால்கள் எழுப்புவதை அமெரிக்காவில் டொனால்டு கிரிஃபின் 1938இல்தான் கருவி கொண்டு கண்டறிந்தார். பாரிசுக்குச் சென்றவை தோலும் எலும்பும் மட்டுமே. அந்த உயிர்கள் இரவில் என்ன செய்தன என்பது இங்கேயே இருளில் தங்கிவிட்டது.

துப்பாக்கியிலிருந்து நிழற்படத்துக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிச்சத்தை வேறு விதமாகப் பயன்படுத்தும் முயற்சிகள் தோன்றின. வட அமெரிக்காவில் படகின் முனையில் விளக்கேற்றி, கண் கூசி நிற்கும் மானைச் சுடும் வேட்டை முறை இருந்தது. அம்முறையில் வேட்டையாடிய ஜார்ஜ் ஷைரஸ், பின்னர் துப்பாக்கியின் இடத்தில் கேமராவை வைத்தார். அவர் எடுத்த 74 படங்களை 1906இல் நேஷனல் ஜியோகிராபிக் இதழ் வெளியிட்டது. அவற்றுள் பல, இரவில் எடுத்தவை.

இந்தியாவில் இப்பணியின் முன்னோடி எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி. ஐக்கிய மாகாணக் காடுகளில் விலங்கு நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டுவார். விலங்கின் கால் பட்டதும் மெக்னீசியப் பொடி பளீரென எரிந்து கேமரா படம் பிடிக்கும். இப்படங்கள் கொண்ட அவருடைய நூல் 1927இல் வெளிவந்தது. வேட்டைக்காரராகப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட் கேமராவின் பக்கம் திரும்ப சாம்பியனின் படங்களும் காரணமாயின. இன்று புலிக் கணக்கெடுப்புக்குப் பயன்படும் தானியங்கிக் கேமராவின் மூதாதை இந்தக் கம்பிதான்.

எனினும் ஒரு குறை இருந்தது. ஒரு நொடி மின்னலில் கிடைப்பது ஒரே ஒரு தோற்றம். அதற்கு முன்னும் பின்னும் விலங்கு என்ன செய்தது என்பது தெரியாது.

குறைந்த வெளிச்சத்தின் பாடம்: சென்னையின் ஆமை நடை

பங்குனி ஆமை என்று நம் மீனவர் அழைக்கும் ஆலிவ் ரிட்லி ஆமை, ஏறத்தாழ ஜனவரி முதல் ஏப்ரல் வரை சோழமண்டலக் கரையில் இரவு நேரத்தில் ஏறி முட்டையிடும். ஒரு குழியில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். சுமார் 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும்.

1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இளைஞர்களும் சென்னைக்குத் தெற்கே இரவில் கரையோரம் நடந்து ஆமைக் குழிகளைத் தேடினர். முட்டைகள் தோண்டி எடுக்கப்படுவதைத் தடுத்து, அவற்றைப் பொரிப்பிடத்தில் காப்பது நோக்கம். அக்குழுவில் இருந்த சதீஷ் பாஸ்கர் பின்னர் இந்தியக் கடற்கரைகளின் பெரும் பகுதியையும் அந்தமான், இலட்சத்தீவுகளையும் நடந்தே ஆய்வு செய்தார். 1980களின் இறுதியில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இப்பணியை ஏற்றது. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஆமைப் பருவத்தில் இரவு நடை இன்றும் தொடர்கிறது.

இந்த நடையில் கற்ற முதல் பாடம் டார்ச்சை அணைத்து வைப்பது. கரையேறும் ஆமை வெளிச்சம் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். மனிதக் கண் இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். பழகிய பின் விண்மீன் ஒளியிலேயே ஈரமணலில் ஆமை ஊர்ந்த தடம் கறுத்துத் தெரியும். ஒருமுறை டார்ச் அடித்தால் அந்தப் பார்வை போய்விடும். மீண்டும் அரைமணி காத்திருக்க வேண்டும்.

தேவாங்கைத் தேடியவர்கள் இதே பாடத்தை வேறு வழியில் கற்றனர். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் முள்காடுகளில் வாழும் தேவாங்கை எண்ண, நெற்றி விளக்கில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு நடப்பது வழக்கம். இருளில் வேலை செய்யும் விழித்திரை உயிரணுக்கள் சிவப்பு ஒளியை ஏறக்குறைய உணர்வதில்லை. ஆகவே விலங்குக்குத் தொல்லை குறைவு, பார்ப்பவரின் இருட்பார்வையும் கெடாது. தேவாங்கின் கண்களோ அந்த ஒளியைத் திருப்பி அனுப்பி இரு தணல்கள் போல மின்னும். இத்தகைய கணக்கெடுப்புகள் வழியே அதன் வாழிடம் தெரியவந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது.

போர்க்கருவி கைக்கருவியான விதம்

சிவப்புக்கு அப்பாலும் ஒளி உண்டு என்பதை 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்தபோது, சிவப்பைத் தாண்டிய வெற்றிடத்தில் வெப்பம் மிகுதியாக இருந்தது. அதுவே அகச்சிவப்பு ஒளி.

1930களில் ஐரோப்பாவில் அகச்சிவப்பைக் கட்புலனாகும் படமாக மாற்றும் வெற்றிடக் குழல்கள் உருவாயின. இரண்டாம் உலகப்போரின் இறுதியில் ஜெர்மனியும் அமெரிக்காவும் அவற்றைத் துப்பாக்கியில் பொருத்தின. அகச்சிவப்பு விளக்கையும் கனமான மின்கலத்தையும் வீரர் சுமக்க வேண்டியிருந்தது. 1960களில் வியட்நாம் போரின்போது, விளக்கே இல்லாமல் விண்மீன் ஒளியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி வந்தது. இவை விலை மிகுந்தவை, படைத்துறைக்கு உரியவை. பழைய குழல்களைப் பகல் வெளிச்சத்தில் இயக்கினால் கெட்டும் போகும்.

மலிவான கருவி வேறொரு வழியில் வந்தது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பாயில், ஸ்மித் இருவரும் ஒளியை மின்னேற்றமாகச் சேமிக்கும் சில்லை உருவாக்கினர். அதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றனர். 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் குழுவினர் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் மற்றொரு வகைப் படச்சில்லை வளர்த்தனர். கைப்பேசிகளில் இவ்வகை கோடிக்கணக்கில் புகுந்ததும் விலை சரிந்தது. சிலிக்கன் சில்லுக்கு ஒரு தன்மை உண்டு. நம் கண் சுமார் 700 நானோமீட்டர் அலைநீளத்துடன் நின்றுவிட, அது ஏறத்தாழ 1,100 வரை உணரும். ஆகவே ஒரு சில்லு, ஒரு வில்லை, ஒரு சிறு அகச்சிவப்பு விளக்கு, ஒரு திரை ஆகியவை சேர்ந்தால் இரவுநோக்கி ஆகிவிடும்.

இதை மாணவர் வீட்டிலேயே சோதிக்கலாம். தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. பல கைப்பேசிகளின் திரையில் ஊதா கலந்த வெண்புள்ளி மினுக்கும். அதுவே அகச்சிவப்பு.

உடல் வெப்பத்தைப் படமாக்கும் வெப்பநோக்கி இதிலிருந்து வேறானது. அதற்கு எந்த விளக்கும் தேவையில்லை. விலையோ பல மடங்கு.

மலிவான கருவியால் என்ன காணலாம்?

விளம்பரத்தில் சொல்லும் முந்நூறு, ஐந்நூறு மீட்டர் என்ற கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். தொலைவு இருமடங்கானால் விலங்கின்மேல் விழும் விளக்கொளி நான்கில் ஒரு பங்காகும். கடலோரத்தில் காற்றிலுள்ள ஈரமும் உப்புத் திவலையும் ஒளியைத் திருப்பிச் சிதறடித்துப் படத்தை வெளிறச் செய்யும். மொட்டை மாடியிலிருந்து நான் பார்த்தவரை, நாற்பது ஐம்பது மீட்டருக்குள் நிற்பதே தெளிவாகத் தெரிகிறது. அந்த எல்லைக்குள்ளேயே எவ்வளவோ இருக்கிறது.

நாட்டு வாதுமை மரத்தில் பழம் கவ்வும் வௌவால், ஓட்டுக் கூரையில் நடக்கும் மரநாய், சுவர் விளிம்பில் அமரும் புள்ளி ஆந்தை, நீரோரம் அசையாமல் நிற்கும் வக்கா, கருங்கல் இடுக்கிலிருந்து வரும் பெருச்சாளி ஆகியவை நகரவாசிக்கே கிட்டும் காட்சிகள். படம் கறுப்பு வெள்ளையில் இருக்கும். வந்தது எந்த வௌவால் என்று இனம் பிரிக்க இக்கருவி போதாது. ஆனால் அது ஒரு பழத்தை அங்கேயே தின்னாமல் வேறு மரத்துக்குக் கொண்டுபோவதைப் பார்க்கலாம். லெஷனோ அனுப்பிய தோலில் இல்லாத செய்தி அது.

பயன்படுத்துவோர் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும்:

• 850 நானோமீட்டர் விளக்கு அருகிலிருந்து மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு தெரியாது, ஆனால் எட்டும் தொலைவு குறையும்.
• மூன்று முதல் ஐந்து மடங்கு வில்லைப் பெருக்கம் போதும். டிஜிட்டல் பெருக்கம் புள்ளிகளைத்தான் பெரிதாக்கும்.
• கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தால் விளக்கொளி திரும்பி அடித்துப் படம் வெளுக்கும்.
• திரையின் ஒளியைக் குறைத்து வையுங்கள். இல்லையெனில் உங்கள் முகமே விளக்காகிவிடும்.
• முக்காலியில் வைத்தால் படம் ஆடாது. கடற்கரையிலிருந்து திரும்பியதும் உப்பைத் துடைக்க வேண்டும்.

கருவி வந்தது, மணல் போனது

இனி குருசுக்குப்பத்தின் கருங்கற்களுக்கு வருவோம். இக்கரையில் ஆண்டுதோறும் பெருமளவு மணல் அலைகளால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் நகருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. மணல் அங்கே தேங்கியது. வடக்கே இருந்த கரைகளுக்கு வர வேண்டிய மணல் வரவில்லை, ஆனால் கடல் எடுத்துச் செல்வது நிற்கவில்லை. நகரக் கடற்கரை கரைந்தது. அரிப்பைத் தடுக்கக் கற்கள் கொட்டப்பட்டன. அந்தக் கல்வரிசை குருசுக்குப்பத்தையும் வைத்திக்குப்பத்தையும் தொட்டது.

பங்குனி ஆமைக்கு முட்டையிட உலர்ந்த மணல் வேண்டும். கல்லின்மேல் அதனால் ஏற முடியாது. புதுச்சேரிக்குத் தெற்கே மணல் எஞ்சியுள்ள மீனவ ஊர்களின் கரைகளில் அது இன்றும் முட்டையிடுகிறது. அங்கே வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பிடங்களில் காக்கின்றனர். குருசுக்குப்பத்தில் இரவுநோக்கியைக் கடல்பக்கம் திருப்பினால் தெரிவது கல்லும் அலையும்தான்.

இது திருத்தவே முடியாத நிலை என்றும் சொல்வதற்கில்லை. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீரடித் தடுப்பு ஒன்றை அமைத்தது. அதன்பின் காந்தி சிலைப் பகுதியில் மணற்கரை மீண்டும் உருவானது.

ஆனால் மணல் மட்டும் திரும்பினால் போதாது, இருளும் வேண்டும். இக்கரையின் பழைய கலங்கரை விளக்கம் 1836இல் முதன்முதலாக ஏற்றப்பட்டது. அது கடலில் இருப்போருக்காக எரிந்த ஒளி. இன்று கரை முழுவதும் இரவெல்லாம் விளக்குகள் எரிகின்றன. மணலிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சு, மிக வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று எண்ணி நகரும் இயல்புடையது. இயற்கையில் அது சரியாகவே அமைந்தது. சாலை விளக்கு அதைவிட வெளிச்சமாக இருந்தால் குஞ்சு சாலைக்குப் போகும்.

பார்ப்பவரின் பொறுப்பு

கடலாமைகள் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றையும் முட்டைகளையும் தொடுவதோ எடுப்பதோ குற்றம். ஆமை முட்டையிடத் தொடங்கும்வரை அருகில் போகக்கூடாது. தொடங்கிய பின்னும் பின்புறமிருந்தே பார்க்க வேண்டும். குழியின் இடத்தைக் காட்டும் படத்தை வெளியிட வேண்டாம். காட்டுப் பகுதிகளுக்கு இரவில் செல்ல வனத்துறை அனுமதி கட்டாயம்.

இன்னொன்றும் உண்டு. குப்பத்துக் கரை என்பது மீனவர் வீட்டு வாசல். கோடையில் அங்கேதான் உறங்குவார்கள், விடியுமுன் அங்கிருந்துதான் தொழிலுக்குப் புறப்படுவார்கள். இருளில் பார்க்கும் கருவியோடு அங்கே நிற்பவர் முதலில் ஊராரிடம் சொல்லி அனுமதி பெற வேண்டும். கருவியை வீடுகளின் பக்கம் திருப்பவே கூடாது. விலங்கைப் பார்க்க உதவும் கருவி மனிதரின் அமைதியைக் கெடுக்கலாகாது.

முடிவுரை

இரவு விலங்குகளைக் காணும் வரலாறு, வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்ட வரலாறு ஆகும். வேட்டை விளக்கு மெக்னீசிய மின்னலாயிற்று. மின்னல் சிவப்புத் தாளாயிற்று. இப்போது கண்ணுக்குத் தெரியாத ஒளியாகியுள்ளது. அதே காலத்தில் நம் ஊர்களின் வெளிச்சமோ கூடிக்கொண்டே வந்துள்ளது. கருவி மலிவாகி, காண வேண்டிய இருளும் மணலும் அரிதாகி வருகின்றன.

மாணவர்கள் இதில் செய்யக்கூடிய எளிய பணி ஒன்று உண்டு. அதற்குப் பணம் தேவையில்லை. உங்கள் ஊரின் முதிய மீனவர் ஒருவரிடம், பங்குனி ஆமை எந்த இடத்தில் ஏறும், எந்த ஆண்டுவரை ஏறியது என்று கேட்டு எழுதி வையுங்கள். மணல் திரும்பும் நாளில் எங்கே விளக்கை அணைக்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பே சொல்லும்.